சிகரெட் வரியில் எழுந்த அரங்கம்

கனடாவின் மொன்றியல் நகரில் 1976 கோடையில் நடந்த ஒலிம்பிக் போட்டிகள் இரண்டே வாரங்களில் முடிந்தன. அதற்காக எழுப்பிய அரங்கத்தின் கடன் தீர்ந்தது 2006 நவம்பரில். இடைப்பட்ட 30 ஆண்டுகளும் அந்நகரம் உள்ள கியூபெக் மாகாணத்தில் சிகரெட் வாங்கியவர்கள் தங்களை அறியாமலே அந்த அரங்கத்துக்கும் காசு கட்டினார்கள். கடனை அடைக்கவென்றே புகையிலைமீது சிறப்பு வரி போட்டிருந்தார்கள்.

1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பிப்போய் அங்கே குடியேறிய தமிழர்களும் இதில் அடக்கம். போட்டி நடந்தபோது அவர்கள் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்தார்கள். உணவகத்தின் பின்கட்டில் இரவெல்லாம் கோப்பை கழுவிவிட்டு, குளிரில் வெளியே வந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தவர், தான் காணாத விழாவின் தவணையைக் கட்டினார். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வாய்ப்பும் இருக்கவில்லை.

அப்படியானால் பொதுப்பணத்தில் விளையாட்டரங்கம் கட்டுவதே தவறா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நூலகம் லாபம் தருவதில்லை, பூங்காவும் தருவதில்லை. பத்தாயிரம் பேர் ஒன்றாக எழுந்து கைதட்டும் இடம் ஒரு ஊருக்கு வேண்டும் என்று மக்கள் விரும்பினால், அதற்கு அவர்கள் செலவழிப்பதில் குற்றமில்லை. நட்டக்கணக்கைக் காட்டி விளையாட்டை ஒதுக்குபவர்கள், மனிதர் எதற்காக ஊராகக் கூடி வாழ்கிறார்கள் என்பதை மறந்து பேசுகிறார்கள். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது: சம்மதம் கேட்கும்போது சொன்ன விலையில்.

1970இல் மொன்றியல் அரங்கத்துக்குச் சொன்ன மதிப்பு 13.4 கோடி கனேடிய டாலர். வட்டியும் பழுதுபார்ப்பும் சேர்ந்து 2006இல் வந்து நின்ற தொகை ஏறத்தாழ 161 கோடி. எழுபதுகளின் விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. ஓர் ஆண் கருவுற்றுப் பிள்ளை பெறுவது எப்படி நடவாத காரியமோ அப்படித்தான் ஒலிம்பிக்கில் நட்டம் வருவதும் என்று பேசியவர் அன்றைய மேயர் ழான் திராப்போ. அவர் அதை நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனால் பிறர் பணத்தைக் கையாள்பவருக்கு நம்பிக்கை மட்டும் போதாது. கணக்கைப் பிறர் சரிபார்க்கக் கொடுப்பது அவர் கடமை.

குறைத்துச் சொன்ன விலை ஏன் இத்தனை வலுவாக வேலை செய்கிறது? அஸ்திவாரம் போட்டபின் யாராலும் நிறுத்த முடியாது என்பதுதான் காரணம். மொன்றியலில் வேலைநிறுத்தங்களால் பணி தேங்கியது. தொடக்கவிழா நாளோ அசையாமல் நின்றது. போட்டிக்கு எட்டு மாதங்களே இருந்தபோது, 1975 நவம்பரில், நகரத்தின் கையிலிருந்து வேலையை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. அந்த நிலையில் என்ன விலை கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுத்தும் அரங்கத்தின் சாய்கோபுரம் அரைகுறையாக நிற்கத்தான் விழா நடந்தது. கோபுரம் முடிந்தது 1987இல்.

அந்த ஒலிம்பிக்கை இன்றும் நினைக்க வைப்பவர் 14 வயது நாடியா கோமனெச்சி. முழுமையான 10 மதிப்பெண்ணைக் காட்ட மதிப்பெண் பலகையில் இடமில்லாமல் 1.00 என்று ஒளிர்ந்தது. அது நடந்தது புது அரங்கத்தில் அல்ல. 1924இல் கட்டிய ஃபோரம் என்ற பழைய ஹாக்கி அரங்கில். மக்கள் நெஞ்சில் நிற்கும் மகிழ்ச்சிக்குப் புதிய கான்கிரீட் தேவைப்படவில்லை என்பதைப் பொதுப்பணத்தை ஒதுக்குபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரங்கம் வந்தால் ஊர் செழிக்கும், வேலை பெருகும் என்பது வழக்கமான வாதம். இதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் தொகுத்த 1997ஆம் ஆண்டு நூலும் அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தன: ஆட்டம் பார்க்கச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி, அதே ஊரில் திரையரங்குக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போயிருக்க வேண்டிய பணம். ஒலிம்பிக் அரங்கத்தில் ஆடிவந்த மொன்றியலின் பேஸ்பால் அணியான எக்ஸ்போஸ், 2004 பருவம் முடிந்ததும் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. அங்கே 2008இல் அந்த அணிக்குப் புது அரங்கம் திறந்தார்கள். செலவு 60 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். கொடுத்தது பெரும்பாலும் அந்நகரின் பொதுப்பணம்.

பணமாக எழுத முடியாத விலையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ம்பொம்பேலா அரங்கத்தைத் தாங்கும் தூண்கள் ஒட்டகச்சிவிங்கி வடிவில் அமைந்தவை; பார்க்க அழகு. 2010 கால்பந்து உலகக் கோப்பையில் அங்கே நடந்தவை நான்கே ஆட்டங்கள். அதைக் கட்டுவதற்காக அவ்விடத்துப் பள்ளிப் பிள்ளைகளை வெளியேற்றித் தற்காலிகக் கொட்டகை வகுப்புகளில் உட்கார வைத்தார்கள். வாக்குறுதி அளித்த புதுப் பள்ளி தாமதமானபோது பிள்ளைகளே தெருவுக்கு வந்து போராடினார்கள். எந்த மதிப்பீட்டுப் பட்டியலிலும் அவர்கள் இழந்த படிப்புக்கு ஒரு வரி இல்லை.

கடன் வாங்கிக் கல்யாணம் செய்துவைக்கும் தகப்பனோடு அரங்கம் கட்டும் அரசை ஒப்பிடலாம் என்று தோன்றும். ஆனால் தகப்பன் தன் வீட்டுக்குள் கடன் வைக்கிறான். அரங்கம் கட்டும் அரசோ வாக்குரிமை இல்லாத பிள்ளைகள்மீதும், இனிமேல் வந்து சேரப்போகும் அந்நியர்மீதும் வைக்கிறது. மொன்றியலில் அந்தச் சுமை புகையிலை வரியாக இறங்கியது. புகைப்பவர்களில் ஏழைகளின் விகிதம் அதிகம் என்பதால் இருந்தவனைவிட இல்லாதவனே அதிகம் சுமந்தான்.

கடன் தீர்ந்தும் கதை முடியவில்லை. மொன்றியல் அரங்கத்தின் கூரையில் 20,000க்கும் மேற்பட்ட கிழிசல்கள் விழுந்தன. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பனி எதிர்பார்த்தால் உள்ளே நிகழ்ச்சி நடத்த முடியாத நிலை வந்தது. 2024 பிப்ரவரியில் கியூபெக் அரசு கூரையை மாற்ற 87 கோடி டாலர் ஒதுக்கியது. இடிப்பதற்கு இருநூறு கோடி ஆகும் என்பது அது சொன்ன காரணம். வைத்திருக்கவும் செலவு, விடுவதற்கும் செலவு. போட்டிக்குப் பின் நீச்சல்குளத்தில் ஊர்மக்கள் நீந்தினார்கள், சைக்கிள் பந்தயக்கூடம் 1992இல் உயிரியல் காட்சியகமானது என்பவை உண்மையான நன்மைகள்தான். அவற்றை மட்டும் கட்டியிருந்தால் இத்தனை கடன் வந்திராது.

2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் கொடுத்திருக்கிறது. அரங்கங்களுக்கு அடிக்கல் நாட்டும் முன்பே வரி கட்டும் நாம் கேட்க வேண்டியவை உண்டு: கட்டும் செலவோடு வட்டி எவ்வளவு, 30 ஆண்டுப் பராமரிப்பு எவ்வளவு, இடித்தால் எவ்வளவு, மதிப்பீட்டை மீறும் ஒவ்வொரு ரூபாயும் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் கேளுங்கள். பாதி கட்டியபின் கேட்டால் பதிலுக்குப் பயனில்லை.