மோட்டார் காரின் கிரயமும் வியாபாரியின் நாணயமும்



கார் இல்லாத வியாபாரி இன்று நம்மில் அபூர்வம். பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்குச் சரக்கு ஏற்றிவர ஒரு வேன் வேண்டியிருக்கிறது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நாள்தோறும் வந்து போகிறவருக்குக் கார் இல்லாமல் முடியாது. சிலர் பழைய கார்களை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். ஆகையால், காரின் கிரயம் ஏன் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போகிறது என்பதை மார்க்கத்தின் கண்கொண்டு சற்றுப் பார்ப்போம்.

தேய்மானம் ஒரு காரணம். ஓட ஓட என்ஜினும் டயரும் தேயும்; நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் தகடு துருப்பிடிக்கும். படைக்கப்பட்ட பொருள் எல்லாவற்றுக்கும் அல்லாஹு தஆலா வைத்த விதி இது. புது மாடல் வருவது மற்றொரு காரணம். அரசாங்கத்தின் வரியும் உண்டு. 2020 ஜூன் முதல் 2022 ஜூன் வரை உள்நாட்டில் பூட்டிய கார்களுக்கு விற்பனை வரி முழுவதும், இறக்குமதிக் கார்களுக்குப் பாதியும் தள்ளுபடியானது. புதுக் காரே மலிவாகக் கிடைக்கும்போது பழையதைப் பழைய விலைக்கு யார் கேட்பார்கள்? இவற்றில் யார்மீதும் குற்றமில்லை.

ஆனால், புதுக் காரை ஓட்டிவந்து ஒரே வாரத்தில் விற்கப் போனாலும் கொடுத்த விலை திரும்பி வருவதில்லையே! ஒரு வாரத்தில் என்ன தேய்ந்துவிட்டது? டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிர்ந்திராது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்பவர் 1970-ல் இதற்கு விளக்கம் எழுதினார். பழைய காரின் குணத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியமாட்டார். அதனால் வாங்குபவர் எல்லாக் காரிலும் கோளாறு இருக்குமென்று பயந்தே விலை கேட்கிறார். அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் நல்ல கார் வைத்திருப்பவர் ஒதுங்கிக்கொள்ள, சந்தையில் மட்டமானவையே மிஞ்சுகின்றன. கோளாறுள்ள காருக்கு அந்நாட்டில் எலுமிச்சம்பழம் என்று பெயராம். பாவம், எலுமிச்சம்பழம் என்ன செய்ததோ! 2001-ல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அரிசி மூட்டையில் குத்தூசியைச் செலுத்தி, நாலு மணியைக் கையில் எடுத்துப் பார்த்து நாம் வாங்குகிறோம். காருக்குக் குத்தூசி இல்லை. அதன் விலையில் குறைகிற வெள்ளியில் ஒரு பங்கு, விற்பவருடைய வாக்கில் நம்பிக்கை இல்லாததால் குறைகிறது.

2021 டிசம்பர் 18-ந் தேதி வாக்கில் பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் தண்ணீரில் ஆழ்ந்தன. கார்கள் கூரைவரை முழுகிக் கிடந்தன. சாதாரணக் கார் இன்ஷூரன்ஸில் வெள்ள நஷ்டம் சேராது. தனியாகப் பணம் கட்டினால்தான் உண்டு. முழுகிய காரைக் கழுவி, விரிப்பை மாற்றி, வாசனை தெளித்துவிட்டால் பார்வைக்குக் குறை தெரியாது. மின்கம்பி இணைப்புகளில் புகுந்த சேறு சில மாதம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீது இது. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்தாரே, அதுதான் குற்றம்.

உள்ளதைச் சொன்னால் ஆயிரக்கணக்கில் நஷ்டம் வருமே, பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்று சில சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். அங்கு நின்ற வாஸிலா இப்னுல் அஸ்கஃ ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், வாங்கியவர் போன பிறகே கவனித்து, பின்னால் ஓடி, இது இறைச்சிக்கா சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றதும், இதன் காலில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்றார்கள். அவர் திரும்பிவர, விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் வருந்தினார். முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் நன்மை நாடுவதாக ரஸூலுல்லாஹ்விடம் பைஅத் செய்திருக்கிறோமே என்பதே வாஸிலா அவர்களின் பதில். நூறு திர்ஹம் நஷ்டம் நஷ்டம்தான். அந்தச் சம்பவம் அதை மறைக்கவில்லை. இன்றைய பழைய கார் பேரத்தில் பின்னால் ஓடிவந்து சொல்கிறவர் யார்? கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைக்கிறவர்கள் அல்லவா இருக்கிறார்கள்!

விற்கும்போதே இருந்த குறை பின்னால் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்று பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. விற்றபின் பொறுப்பில்லை என்று ரசீதில் அச்சடித்துவிட்டாலும், தெரிந்தே மறைத்த பாவம் நீங்காது.

ஜகாத் விஷயமும் ஒன்று இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான காருக்கும், கடைச் சரக்கு ஏற்றும் வேனுக்கும் ஜகாத் இல்லை. விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் கார்களுக்கு, வருஷம் பூர்த்தியாகும் நாளில் சந்தை என்ன விலை தருமோ அந்த விலைக்கே கணக்குப் பார்க்க வேண்டும். வாங்கிய விலைக்கு அல்ல. வெள்ளத்தில் நனைந்த காரை அந்த ஏட்டில் நனைந்த கார் என்றே குறைத்து எழுதுவோம். வாங்க வருகிறவர் கேட்டால் அதே ஏட்டை எடுத்துக் காட்டலாம்.