பிழைத்தவர் கடன்

மனிதன் தனக்கு நேர்ந்த துன்பத்திற்கு மாத்திரமன்றி, தன்னை விட்டு விலகிய துன்பத்திற்கும் காரணம் தேடுகிறான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம்மவர் கூறுவர். அம்மொழியில் ஆறுதல் உண்டு; விளக்கம் இல்லை. தலைப்பாகையோடு போனது எதனால்? தெய்வத்தின் அருளாலா, கிரகபலனாலா, தப்பியவரின் முன்யோசனையாலா? இது வீண் வினாவன்று. ஒருவர் தப்பியதற்கு நாம் எதனைக் காரணமாகக் கொள்கிறோமோ, அதனைப் பொறுத்தே தப்பாதவரை நாம் நோக்கும் நோக்கும் அமைகிறது. வைத்தியத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மெலனோமா என்பது தோலுக்கு நிறமளிக்கும் கலங்களில் தோன்றும் புற்றுநோய். தொடக்கத்தில் அது சாதாரண மச்சம் போன்றே காணப்படும். பெரும்பாலும் நோவும் இராது. ஒரு பாதி மறு பாதியை ஒவ்வாதிருத்தல், ஓரம் ஒழுங்கற்றிருத்தல், ஒரே புள்ளியில் பல நிறங்கள் கலந்திருத்தல், பருமன் கூடுதல், நாளடைவில் மாறிக்கொண்டேயிருத்தல் ஆகியவை அதன் குறிகள். நோய் மேற்றோலின் அளவில் நிற்கும்போது, அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்து, சுற்றியுள்ள நல்ல தோலிற் சிறிதளவையும் சேர்த்து அகற்றித் தையலிட்டால் பெரும்பாலும் கருமம் முடிந்துவிடும். ஆழத்திற் சென்றுவிட்டாலோ நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் சுவாசப்பை, ஈரல், மூளை ஆகியவற்றை அது எட்டக்கூடும். 1970 ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் அலெக்சாண்டர் பிறெஸ்லோ, நோயின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்து நோயாளியின் எதிர்காலத்தைப் பெருமளவுக்குக் கணிக்கலாம் என்று காட்டினார். தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்டதாயின் மிகப் பெரும்பாலோர் பிழைப்பர்; நான்கு மில்லிமீற்றரைக் கடந்ததாயின் நம்பிக்கை வெகுவாகக் குறையும்.

இவ்வாறு காலத்தே நோய் அகற்றப்பெற்ற ஒருவர், ஒரு தழும்போடு வீடு திரும்புகிறார். "எனக்கு நல்ல காலம்" என்பார் சிலர். "நான் விழிப்பாயிருந்தேன்" என்பார் வேறு சிலர். இவ்விரு விடைகளையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நல்ல காலம் என்று கூறுவோர் அத்தழும்பின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1787 இல் இலண்டனில் ஜோன் ஹன்டர் என்னும் சத்திர வைத்தியர் ஒரு மனிதனின் தாடையிலிருந்து ஒரு கட்டியை வெட்டியெடுத்துப் பேணிவைத்தார். அது இன்ன நோய் என்பதை அவர் அறியார். 1968 இல் மீண்டும் ஆராயப்பட்டபோதே அது மெலனோமா என்று உறுதியாயிற்று. 1804 இல் பாரிசில் லெனெக் இந்நோயைத் தனி நோயாக எடுத்துரைத்தார். 1907 இல் இலண்டனில் ஹான்ட்லி என்பார் நோயைச் சுற்றி அகலமாக வெட்டவேண்டும் என்று வாதித்தார். பின்னர் ஐந்து சதமமீற்றர் வரை நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவது பல பதிற்றாண்டுகளாக வழக்கிலிருந்தது. சிறு புள்ளிக்காக உள்ளங்கையளவு தசை போயிற்று. உடலின் வேறோரிடத்திலிருந்து தோலெடுத்து ஒட்டவேண்டியதாயிற்று. மெல்லிய மெலனோமாவுக்கு மூன்று சதமமீற்றர் வெட்டினாலும் ஒரு சதமமீற்றர் வெட்டினாலும் உயிர்பிழைப்பில் வேறுபாடில்லை என்று இத்தாலிய வைத்தியர் வெறொனேசியும் அவரது குழுவினரும் 1988 இல் வெளியிட்டனர். அறுநூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் கவனிக்கப்பட்டமையாலேயே அவ்வுண்மை புலனாயிற்று. இன்று ஒருவரது தோளிலோ காலிலோ காணப்படும் சிறு தழும்பு, அந்த அறுநூற்றுவரின் கொடை. அவர்களுக்கு முன்னர் பெருந் தழும்புகளைச் சுமந்தவர்களின் கொடையுமாகும். இதனை நல்ல காலம் என்று ஒரு சொல்லில் அடக்குவது அவர்களை மறப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. பல நாடுகளில் கடந்த அரை நூற்றாண்டில் கண்டறியப்பட்ட மெலனோமாக்களின் தொகை பன்மடங்கு பெருகியது. இறந்தோர் தொகையோ அவ்வளவிற்கு உயரவில்லை. எனவே, அகற்றப்பட்டவற்றுட் சில, விட்டிருந்தாலும் எவரையும் கொன்றிரா என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆனால் எந்தப் புள்ளி கொல்லும், எது கொல்லாது என்பதைத் திட்டவட்டமாகப் பிரித்தறிய இயலாது. ஆகவே, பிழைத்தவர் தாம் உண்மையில் மரணத்தினின்றும் தப்பினாரா என்பதை ஒருபோதும் அறியமாட்டார். அவரது உடலைப் பற்றிய அறிவு அவரது உடலினுள் இல்லை. ஆயிரமாயிரம் பேரின் வாழ்விலிருந்தும் சாவிலிருந்தும் திரட்டப்பட்டது அது. தனிமனிதன் தன்னைத் தானே முழுமையாக அறிந்துகொள்ள முடியும் என்ற பழைய எண்ணத்தை இவ்வுண்மை அசைத்துவிடுகிறது.

இனி, விழிப்பைக் காரணமாகக் கூறுவோரிடம் வருவோம். விழிப்பு வேண்டியதே. எனினும், விழிக்குமாறு அவரைப் பயிற்றியது யார்? அவுஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். வட ஐரோப்பாவின் மங்கிய ஒளிக்கு இயைந்த வெண்தோலினரைக் குடியேற்ற வரலாறு கடும் வெயிலின் கீழ் கொண்டுபோய் நிறுத்தியது. உலகிலேயே மெலனோமா மிகுந்த நாடுகளுள் ஒன்றாக அது ஆயிற்று. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 1963 இல் இந்நோய் பற்றிய பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி இடுக என்ற பிரசாரம் 1981 இல் விக்டோரியாவில் எழுந்தது. தொப்பியில்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட்டில்லை என்ற விதி பாடசாலைகளிற் பரவியது. தோலைக் கருக்குவதற்கெனக் காசு வாங்கி ஊதாக்கடந்த கதிர்களைப் பாய்ச்சிய நிலையங்கள் 2015 ஐ ஒட்டி மாநிலந்தோறும் தடைசெய்யப்பட்டன. அங்கே ஒருவர் தமது மச்சத்தை ஐயத்தோடு நோக்குகிறாரெனில், அக்கண்ணுக்குப் பின்னால் ஆசிரியரும் தாதியரும் சட்டமும் நிற்கின்றனர்.

அத்தகைய பயிற்சி எட்டாத மக்களின் நிலை யாது? கருந்தோலினருக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது. வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழும் தோன்றுகிறது. அவ்விடத்து நோய்க்கு வெயில் பெருங் காரணமன்று. எவரும் எதிர்பாராத நோயாதலின் காலந் தாழ்த்தியே கண்டறியப்படுகிறது. ஜமைக்காவின் இசைக் கலைஞர் பொப் மார்லிக்கு 1977 இல் கால் பெருவிரலின் நகத்தடியில் இந்நோய் கண்டது. விரலை அகற்றுமாறு கூறப்பட்டபோது அவர் இணங்கவில்லை. நகமும் அதன் அடித்தோலுமே அகற்றப்பட்டன. 1981 மே 11 அன்று மயாமியில் அவர் காலமானார்; வயது 36. சமய நம்பிக்கையால் உயிரை இழந்தார் என்று அவரைக் குறைகூறுவது எளிது. ஆனால் அந்நோயைத் தம் தோலுக்குரிய நோயாக எண்ணிப் பார்க்கவும் கருந்தோலினருக்கு எவரும் கற்பித்திலர் என்பதையும் நினைத்தல் வேண்டும். வெறுங்காலோடு வயலில் நிற்கும் கமக்காரரும் தேயிலைக் கொழுந்து கொய்யும் பெண்ணும் உள்ளங்காலிற் கருமை கண்டால், முள் குத்தியது என்றோ இரத்தம் கண்டியது என்றோ எண்ணுவதே இயல்பு. ஒரு நாட் கூலியை விட்டு வைத்தியசாலையின் வரிசையில் நிற்க இயலாதவரைக் கவனமற்றவர் என்று எப்படிக் கூறுவோம்?

இங்கே ஒரு முரண் தெளிவாகத் தோன்றுகிறது. தொடக்கத்திலுள்ள நோய்க்குக் கத்தியும் நூலும் விறைப்பூசியும் நுணுக்குக்காட்டியும் அதை நோக்கக் கற்ற கண்ணும் போதும். பரவிவிட்ட நோய்க்கு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் 2011 முதல் வழக்குக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. எனினும் விலையோ ஏழை நாடுகளின் கைக்கு எட்டாதது. காலத்தே காண்பது இயல்பாகவே ஏழையின் வைத்தியம். ஆனால் அது வசதி படைத்தோரின் உரிமையாக நின்றுவிடுகிறது.

அங்ஙனமாயின் தனிமனிதப் பொறுப்பு என ஒன்று இல்லையா என்று சிலர் வினவலாம். உண்டு, ஆனால் அதன் திசை வேறு. தப்பியவர் தம்மைத் தாமே மெச்சிக்கொள்வதற்கோ, விதிக்கு வணக்கஞ் செலுத்தி அமைதியுறுவதற்கோ இடமில்லை. தமக்குக் கிடைத்த அறிவு பலரது உழைப்பினால் வந்ததெனின், அதனைத் தம்மோடு நிறுத்திவைக்கும் உரிமை அவருக்கில்லை. தையல் பிரித்த பின்னரும் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்லும்போது எழும் அச்சத்தை எவரும் அவரிடமிருந்து நீக்க முடியாது. ஆயினும் அவ்வச்சத்தை அயலவரின் காலையும் கையையும் நோக்கும் அக்கறையாக மாற்ற முடியும். மாணவருக்குத் தோலின் குறிகளைக் கற்பித்தலும், கிராமத்து வைத்தியசாலையிலும் தோட்டத்து மருந்தகத்திலும் அக்குறிகளை அறிந்தோர் இருத்தல் வேண்டுமெனக் கோருதலும் அதன் பாற்பட்டவை.

தலைப்பாகையோடு போனதற்கு மகிழ்வது மனித இயல்பு. அத்தலைப்பாகையை நெய்தவர் யாரென்று வினவுவதும், தலைப்பாகையின்றி நிற்போருக்கு அதனைப் பெற்றுக்கொடுப்பதும் மனித அறம்.