பைபிளில் முரண்பாடுகளா?

கொல்கத்தாவின் தென்பகுதியில் கரியாஹாட் சாலை சென்று முடியும் இடத்தில் கோல்பார்க் இருக்கிறது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நூற்றாண்டு விழாவின் நினைவாக 1938-இல் தோற்றுவிக்கப்பட்ட ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிலையம் 1961 முதல் இங்குதான் இயங்கி வருகிறது. அதன் அருகே நடைபாதையில் வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள். அங்கே ஒரு பைபிளை வாங்கிப் புதிய ஏற்பாட்டை முதலிலிருந்து படிக்கத் தொடங்கும் அன்பர் ஒருவர் விரைவிலேயே ஒரு தடையைச் சந்திப்பார். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான யோசேப்பு யாக்கோபின் மகன் என்கிறார் மத்தேயு. ஏலியின் மகன் என்கிறார் லூக்கா. தாவீது மன்னரிலிருந்து சாலொமோன் வழியாக வருகிறது ஒரு வம்சாவளி. நாத்தான் வழியாக வருகிறது மற்றொன்று. எது சரி?

டிசம்பர் 24 மாலையில் நமது மடங்களில் மேரி அன்னையும் குழந்தை இயேசுவும் உள்ள படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, பிறப்பு வரலாறு வாசிக்கப்படுகிறது. கேட்பவர்களின் மனத்தில் ஞானிகளும் இடையர்களும் ஒரே தொழுவத்தில் வந்து கூடிவிடுகிறார்கள். ஆனால் நூலில் அவர்கள் கூடுவதில்லை. ஞானிகளையும் எகிப்துக்குத் தப்பிச் சென்றதையும் மத்தேயு மட்டுமே கூறுகிறார். இடையர்களையும் குடிமதிப்பையும் லூக்கா மட்டுமே கூறுகிறார்.

இத்தகைய வேறுபாடுகள் இன்று கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே தாதியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாகப் பின்னி, முரண்களை நீக்கி, ஒரே வரலாறாகத் தொகுத்தார். சிரியா நாட்டுத் திருச்சபைகளில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரெட் என்ற ஆயர் அதன் இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் நான்கு நற்செய்திகளையும் வைத்தார். இது சிந்திக்கத் தக்கது. முரணற்ற ஒரு நூல் கையில் இருந்தும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நான்கு சாட்சிகளே போதும் என்று அந்தச் சபை முடிவு செய்தது. நான்கு பேர் ஒரு சொல்கூட மாறாமல் ஒரே சாட்சியத்தைச் சொன்னால் எந்த நீதிமன்றமும் அவர்களைச் சந்தேகிக்கவே செய்யும். வம்சாவளி போன்ற விஷயங்களுக்கு இந்த அளவு விளக்கமே போதுமானது. அவற்றால் எந்தச் சாதகனின் வழிபாடும் தடைப்படுவதில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தானும் தந்தையும் ஒன்றே என்று இயேசு கூறியதாக யோவான் எழுதுகிறார் (10:30). தந்தை தன்னைவிடப் பெரியவர் என்று அவரே கூறியதாகவும் அதே யோவான் எழுதுகிறார் (14:28). இங்கே இரு சாட்சிகள் இல்லை. நூல் ஒன்று, வாய் ஒன்று, வாக்கியங்களோ இரண்டு.

இதே கொல்கத்தாவில் இந்த இரு வாக்கியங்களை முன்னிட்டு ஒரு பெரும் வாதம் நிகழ்ந்தது. 1820-இல் ராஜா ராம்மோகன் ராய் நற்செய்திகளிலிருந்து இயேசுவின் அறவுரைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். அற்புதங்களையும் கொள்கைப் பூசல்களுக்கு இடமளிக்கும் பகுதிகளையும் அவர் விலக்கிவிட்டார். செராம்பூர் பாதிரியார் ஜோஷுவா மார்ஷ்மன் அதைக் கடுமையாக எதிர்த்தார். வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுவது நூலுக்குச் செய்யும் அநீதி என்பது அவரது கருத்தின் சாரம். ராம்மோகன் 1820, 1821, 1823 ஆகிய ஆண்டுகளில் மூன்று மறுப்புகளை எழுதினார். அதற்காக மூலமொழிகளான எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் பயன்படுத்தினார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் அச்சகம் மறுத்துவிட்டதால், சொந்தமாக ஓர் அச்சகமே நிறுவினார்.

இதன் நடுவே இன்னொரு நிகழ்ச்சி. வில்லியம் ஆடம், வில்லியம் யேட்ஸ் என்னும் இரு பாதிரியார்கள் ராம்மோகனுடன் அமர்ந்து நற்செய்திகளை வங்காளியில் மொழிபெயர்த்து வந்தார்கள். யோவானின் தொடக்கத்தில் ஒரு சிறிய கிரேக்கச் சொல் அவர்களைத் தடுத்து நிறுத்தியது. அனைத்தும் தெய்வ வார்த்தையால் படைக்கப்பட்டனவா, அல்லது அதன் வழியாகப் படைக்கப்பட்டனவா? தமிழில் சொன்னால், ஒரு வேற்றுமை உருபைப் பற்றிய கேள்விதான். யேட்ஸ் விலகிக்கொண்டார். ஆடமோ 1821-இல் தமது பழைய கொள்கையையே விட்டு, இறைவன் ஒருவரே, இயேசு அவருக்குச் சமமானவர் அல்லர் என்ற பக்கம் சேர்ந்தார். ‘இரண்டாம் முறை வீழ்ந்த ஆதாம்’ என்று அவரை எள்ளினார்கள். சொற்களை எடைபோடுவது வீண்வேலை என்று எண்ணுபவர்கள் இதை மறக்கக் கூடாது. அவர் அதற்குக் கொடுத்த விலை, தமது சபையும் தோழர்களும்.

வேதாந்தம் பயின்றவருக்கு இந்தச் சிக்கல் புதியதன்று. உபநிடதங்களில் ஜீவனும் பிரம்மமும் வேறு என்று சொல்லும் வாக்கியங்கள் உண்டு. ஒன்றே என்று சொல்பவையும் உண்டு. ஸ்ரீராமானுஜரின் மரபில் இவை பேத ச்ருதி, அபேத ச்ருதி எனப்படும். ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ள அம்மரபு மறுத்தது. இரண்டையும் இணைக்கும் கடக ச்ருதியை உபநிடதத்திலேயே தேடியது. எல்லாவற்றினுள்ளும் உறைந்து, அவற்றையே உடலாகக் கொண்டு உள்ளிருந்து ஆள்பவனைக் கூறும் பிருஹதாரண்யகத்தின் அந்தர்யாமிப் பகுதி அவ்வாறு கிடைத்தது. இணைக்கும் வாக்கியம் வெளியிலிருந்து வரவில்லை. இதுவே இங்கு முக்கியம்.

யோவானில் அப்படி ஏதேனும் உண்டா? உண்டு. பதினேழாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களுக்காகப் பிரார்த்திக்கிறார். தந்தையும் தாமும் ஒன்றாயிருப்பது போலச் சீடர்களும் ஒன்றாயிருக்க வேண்டுகிறார். தந்தை தம்முள், தாம் சீடர்களுள். இது வேறுபாட்டை அழிப்பதுமில்லை, ஒருமையை மறுப்பதுமில்லை. ராம்மோகன் தமது மறுப்பில் இந்த இடத்தையே சுட்டினார். அங்கே பேசப்படுவது சித்தத்தின் ஒருமை மட்டுமே என்று அவர் கொண்டது அதன் ஆழத்தைக் குறைப்பதாகவே தோன்றுகிறது. எனினும் தொகுக்கும்போது பெரும்பாலும் விலக்கிய நூலின் உள்ளேயே விடையைத் தேட அவரது வாதம் அவரைக் கொண்டு சென்றது. மார்ஷ்மன் செய்த நன்மை அது என்றும் சொல்லலாம்.

சுவாமி விவேகானந்தர் 1900 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இயேசுவைப் பற்றிப் பேசியபோது மூன்று படிகளைக் காட்டினார். பொதுமக்களுக்குப் பரலோகத் தந்தை. சற்று உயர்ந்தவர்களுக்குத் திராட்சைக் கொடியும் கிளைகளும். உச்சத்தில் தந்தையோடு ஒருமை. அன்பர்கள் பலர் இதை நன்கு அறிவார்கள். ஆனால் நூலைத் திறந்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஒருமையைக் கூறும் வாக்கியம் நெருங்கிய சீடர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆலயத்தில் தம்மைச் சூழ்ந்து வாதிட்டவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் உடனே கற்களை எடுத்தார்கள். தந்தை பெரியவர் என்பதோ கடைசி இரவில் அந்தரங்கச் சீடர்களிடம் சொல்லப்பட்டது. சுவாமிஜி காட்டியது சாதகன் ஏறவேண்டிய படிகள். நற்செய்தியின் அதிகார வரிசை அல்ல. இதை மறந்து அந்த ஏணியை நூலின்மேல் சாய்த்து, எல்லாம் விளங்கிவிட்டது என்று மூடிவைப்பது சுவாமிஜிக்கும் நியாயமன்று, யோவானுக்கும் நியாயமன்று.

ஸ்ரீராமகிருஷ்ணரின் பச்சோந்திக் கதையும் இவ்வாறே அவசரமாகப் பயன்படுத்தப்படுகிறது. எல்லா நிறமும் அதற்கு உண்டு என்று சொன்னவன் வழிப்போக்கன் அல்லன். அந்த மரத்தடியிலேயே வசித்தவன். பகவான் தாமும் அப்படித்தான் செய்தார். சம்பு மல்லிக் பைபிளை வாசிக்கக் கேட்டார். யது மல்லிக்கின் தோட்ட வீட்டில் தாயும் குழந்தையுமான படத்தைக் கண்டு, பிற நினைவுகள் அகன்று, சில நாட்கள் அந்த பாவத்திலேயே வாழ்ந்தார். முரண்பாடு தீர்ந்தது என்று சொல்லும் உரிமை அவருக்கு அவ்வாறு வந்தது.

எவ்வளவு வாசித்தாலும் இணையாத இடங்களும் உண்டு. சிலுவையில் இயேசுவின் இறுதிச் சொல் எது? மத்தேயுவும் மாற்கும் தருவது, இறைவன் தம்மைக் கைவிட்டது ஏன் என்ற கதறல். லூக்கா தருவது, தம் உயிரைத் தந்தையின் கைகளில் ஒப்படைக்கும் சரணாகதி. யோவானோ, எல்லாம் நிறைவேறியது என்ற அமைதியைத் தருகிறார். பெரிய வெள்ளியன்று தேவாலயங்களில் இவை ஒன்றையும் விடாமல், மற்றச் சொற்களையும் சேர்த்து ஏழு வாக்கியங்களாகத் தியானிக்கிறார்கள். கதறல் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி. சரணாகதி முப்பத்தொன்றாம் சங்கீதத்தில் உள்ளது. இரண்டும் யூதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த ஒரே பிரார்த்தனை நூலிலிருந்து வந்தவை.