சோறிட்டவன் கடனாளியாவதா?

வீடு தேடி வந்தவனுக்கு ஒரு வேளைச் சோறிடுவது ஈகை. அவனே உழைத்துண்ண வழி செய்வது அதனினும் பெரிது. வணிகர்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அதற்கான முதலை யார் கணக்கில் பற்று எழுதுவது?

உகாண்டா செல்வ நாடன்று. எனினும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அகதிகளுக்குத் தொழில் செய்யும் உரிமை தந்தது. குடியேற்றங்களில் பயிரிட நிலத்துண்டும் ஒதுக்கியது. 2016 ஜூலையில் தென் சூடானில் மீண்டும் போர் மூண்டது. மறு ஆண்டு ஆகஸ்டுக்குள் அங்கிருந்து வந்து தங்கியோர் தொகை 10 இலட்சத்தை எட்டிற்று. மரங்கள் விறகாயின, பள்ளிகளில் இடமில்லை. உள்ளூர் ஏழை முகஞ்சுளித்தால் அவனைக் குறை கூறலாமா?

அகதிகளை ஏற்ற வட்டாரங்களில் பள்ளியும் மருந்தகமும் சாலையும் அமைக்க உலக வங்கி 2016இல் 5 கோடி டாலர் வழங்கியது. கொடையாக அன்று, கடனாக! சலுகைக் கடன் என்பர். நாமும் கடை நடத்துபவர்கள்தாமே. சலுகைக் கடனும் பேரேட்டில் கடனே. அயல்வீடு பற்றி எரிகையில் ஓடிவந்தோரைத் தன் திண்ணையில் ஏற்றியவனிடம், திண்ணையை அகலப்படுத்தப் பணம் தந்து கடன்முறி எழுதி வாங்குவது எந்த ஊர் நியாயம்?

இலவசமாகத் தந்தால் வீணடிப்பார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். செலவுக்குக் கணக்குக் கேட்கட்டும், தாராளமாக! கணக்குக் கேட்பது வேறு, கடனைத் திருப்பிக் கேட்பது வேறு.

2019இல் அதே திட்டத்திற்கு 15 கோடி டாலர் மானியமாகவே வந்தது. மகிழ்ச்சிதான். முன்பு வாங்கிய 5 கோடியோ கடனாகவே நின்றது.