தூரமா?

கம்பம் பள்ளத்தாக்கில், வீட்டை விட்டுக் கிளம்புகிறவனிடம் 'எங்கே போகிறாய்?' என்று கேட்கக்கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். தமிழ்நாட்டின் வேறு பல இடங்களிலும் உள்ள நம்பிக்கைதான். 'என்ன, தூரமா?' என்று கேட்பார்கள். 'இந்தா, பக்கத்துலதான்' என்று பதில் வரும். கேட்டவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சொன்னவரும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் திருப்தியாகப் போகிறார்கள். சிறுவயதில் இதை மூடநம்பிக்கை என்று சிரித்திருக்கிறேன். இப்போது அதில் ஒரு அறம் இருப்பதாகத் தோன்றுகிறது. பதில் சொல்லாமல் இருப்பதற்கான இடத்தையும் விட்டுவைத்தே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

சமீபத்தில் தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், மூவர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் ஒரு இளைஞன். நடுவில் ஒரு பெரியவர். ஓரத்தில் நான். வீரபாண்டி தாண்டியதும் பெரியவர் ஆரம்பித்தார்.

'தம்பிக்கு எந்தூரு?'

'உத்தமபாளையம் பக்கந்தாங்கய்யா.'

'பக்கம்னா, எங்கிட்டு?'

'பஸ் ஸ்டாண்டுல எறங்கிக் கொஞ்சம் உள்ள போகணும்.'

'அப்பா யாரு? பேரச் சொன்னாத் தெரியும்.'

'அவரு ஏலத்தோட்டத்துலயே இருந்துட்டாரு. ஊருல அவ்வளவாத் தெரியாது.'

'சரி, குலசாமி எது?'

'சாமி கும்பிடப் போயி ரொம்ப நாளாச்சுங்கய்யா.'

பெரியவர் கெட்டவர் இல்லை. வழியில் வாங்கிய கடலையை எங்கள் இருவருக்கும் நீட்டினார். ஆனால் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான், நான்கு வேஷங்களில். இளைஞன் ஒவ்வொரு தடவையும் மரியாதை குறையாமல் நழுவினான். அந்தச் சாமர்த்தியத்தை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். சின்னமனூர் வந்ததும் 'வர்றேங்கய்யா' என்று இறங்கிவிட்டான். அவன் கண்டக்டரிடம் உத்தமபாளையத்துக்கு டிக்கெட் கேட்டது என் காதில் விழுந்திருந்தது. ரசனை அதோடு போயிற்று.

நண்பனைத் தேடி வரும் கொலைகாரன் கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று காண்ட் 1797ல் வாதிட்டார். வள்ளுவர் அவ்வளவு கறாராக இல்லை. தீங்கற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் இடம் கொடுத்தார். இரண்டிலும் எடை போடப்படுவது பதில் சொல்கிறவனின் ஒழுக்கம். கேள்வியின் ஒழுக்கம் விசாரணைக்கு வருவதில்லை. நாமும் அப்படித்தான். நாசூக்காக நழுவத் தெரிந்தவனைப் பண்பாளன் என்று பாராட்டுகிறோம். அவனை நழுவ வைத்தவரைப் பற்றிப் பேச்சில்லை. அந்த இளைஞன் காண்டையும் மீறவில்லை. பொய் சொல்லாமல், பஸ்ஸைத்தான் விட்டான்.

பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்விகள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், பிரமலைக் கள்ளர்கள் ராத்திரி வேளையில் ஊர் விட்டு ஊர் போக ராத்தாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 'பக்கத்துலதான்' என்பது அங்கே பதிலாகாது. 1947ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1989ல் போடியில் சாதிக் கலவரம் நடந்த நாட்களில் 'எந்தத் தெரு?' என்பது குசலம் விசாரிப்பாக இருந்திருக்க முடியாது. காண்டின் கொலைகாரனும் அப்போது வெறும் தத்துவ உதாரணமாக இருந்திருக்க மாட்டான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அரசாங்கம் வந்து கேட்டால் அதைக் காட்டலாம். கடலை நீட்டுகிறவர்மேல் ரிட் போட முடியுமா? அங்கே மிஞ்சுவது பண்பு ஒன்றுதான். அதன் பாரமோ முழுவதும் கேட்கப்படுகிறவன் தலையில்.

யாரும் யாரையும் எதுவும் கேட்காத ஊரில் வாழ எனக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் 'யாருக்கு என்ன?' என்று கேட்கிற அந்நியர் தெய்வம் மாதிரி. விசாரிப்பது இங்கே அன்பின் பாஷையும்கூட. ஆகவே எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று பட்டியல் போடுவதில் பயனில்லை. பதில் வராதபோது கேட்டவர் என்ன செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம். 'பக்கந்தாங்கய்யா' என்பதே ஒரு பதில். இதற்குமேல் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அதில் நின்றுகொண்டால் விசாரிப்பு. 'எங்கிட்டு?' என்று தொடர்ந்தால் அதிகாரம். 'தூரமா?' என்று கேட்கக் கற்றவர்களுக்கு இது தெரியாததில்லை. யாரிடம் அப்படிக் கேட்பது, யாரிடம் வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே கற்றிருக்கிறோம்.

இவ்வளவும் எழுதுகிற நான் அன்று என்ன செய்தேன்? குலசாமி கேள்விக்கு வரப்போகும் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் வாய்விட்டுக் கேட்டதை நான் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதுகிறவனின் ஆர்வம் என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர் வேறு வைத்திருக்கிறோம்.

பஸ் கிளம்பியதும் அவர் என் பக்கம் திரும்பினார். 'உங்களுக்கு எந்தூருங்க?' ஊரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். கேட்காமலே அப்பா பெயரையும் சொன்னேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்தேன். மறைக்கத் தேவைப்படாத தெருவில் பிறந்திருக்கிறேன் என்பதுதான் நிஜம்.

'அப்படிச் சொல்லுங்க' என்று மறுபடியும் கடலையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.