ஆள் இல்லாத வாக்கியம்

மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்ப, 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கட்டிய இரண்டு வீடுகளில் தொடங்கிய ஊர் கோடைக்கானல். உயிர் பிழைக்க ஏறிய மலை. அங்கே இரண்டு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்த காட்டேஜில் கூரை ஒழுகியது. ஜன்னல் மூட மறுத்தது. இவை அசௌகரியங்கள், மன்னிக்கலாம். ஆனால் குளியலறைக் குழாயைத் தொட்ட என் மனைவிக்கு ஷாக் அடித்தது. கெய்ஸரின் எர்த் வயர் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கசியும் மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லையென்றால் ஈரக் கை வழியாகப் போகும்.

சொந்தக்காரரிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று என்றார் வாட்ச்மேன். சீசன் முடியட்டும் என்று பதிலாம். இரண்டு நாளும் விறகடுப்பில் வெந்நீர் போட்டுத் தந்தார்.

கிளம்பும்போது அபிப்பிராயம் எழுத நோட்டை நீட்டினார். பக்கம் பக்கமாக 'சொர்க்கம்', 'மறக்க முடியாத அனுபவம்'. எல்லோரும் அதே கூரையின் கீழ் நனைந்தவர்கள்தான். குறை எழுதினால் இவர் வேலை போகுமோ என்ற இரக்கமாயிருக்கலாம். எனக்கும் அது எழுந்தது.

நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்ல உரிமையில்லை என்று 1797இல் எழுதினார் காண்ட். வள்ளுவர் இளகியவர்: குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும். வள்ளுவரிடம் ஒண்டப் பார்த்தேன். 'குற்றமற்ற' என்ற நிபந்தனை இடறிற்று. என் பொய்யின் நன்மை வாட்ச்மேனுக்கு. விலை கொடுக்கப்போவது நாளை அந்தக் குழாயைத் தொடும் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை எனக்குத் தெரியாத குழந்தை என்பதே என் இரக்கத்தின் சௌகரியம்.

காண்ட்டும் போதவில்லை. 'பராமரிப்பு சரியில்லை' என்பது உண்மைதான். இலக்கணப்படி எழுவாயும் உண்டு, ஆள் இல்லை. ஆள் இல்லாத குறை தண்ணீர் மாதிரி, பள்ளத்தில் நிற்பவனிடம் போய்ச் சேரும். 'தாமதம் ஏற்பட்டது' என்று ஆடிட்டர் எழுதினால் மெமோ வாங்குவது பியூன் என்பதை வங்கியில் பார்த்துக்கொண்டுதானிருக்கிறேன்.

எழுதினேன்: 'கெய்ஸரில் எர்த் இல்லை. யாரும் தொட வேண்டாம். சரிசெய்ய வேண்டியவர் சொந்தக்காரர். அவரிடம் இன்று போனில் சொன்னேன்.' சொல்லிவிட்டுத்தான் எழுதினேன்.

வாட்ச்மேன் இரண்டு முறை சொன்னதை மட்டும் போனிலும் சொல்லவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர் யாருமில்லை. வள்ளுவரிடம் அந்த அளவுக்கு இடம் உண்டு.