மூலிகையை முதலில் கண்டவர் யார்?

ஐப்பசி அடைமழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் காய்ந்தால், ஆதம்பாக்கத்தில் நம் ஆலய மதிலோரம் கீழாநெல்லி தானாகவே முளைத்துவிடும். பரங்கிமலையின் அடிவாரத்தில் கிடக்கும் இப்பகுதியில் வயல்கள் மறைந்து வீடுகள் நெருங்கிவிட்டன. எனினும் சிமெண்டுத் தளத்தின் வெடிப்பிலும் இச்செடி தனக்கோர் இடம் கண்டுகொள்கிறது. கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும், ஆலயத்தைத் தூய்மை செய்யும் மூதாட்டி ஒருவர் அதை வேரோடு பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். பேரனுக்குக் கண் மஞ்சளித்திருக்கிறதாம்.

"இதை உங்களுக்குச் சொல்லித் தந்தது யார் அம்மா?" என்று கேட்டோம்.

"எங்க ஆயா, ஃபாதர்."

"அவருக்கு?"

"அவங்க ஆயா."

"எல்லோருக்கும் முன்னால்?"

சற்று நின்று யோசித்தார். "யாராவது தின்னு பாத்திருப்பாங்க. பொழைச்சவங்க சொல்லியிருப்பாங்க."

நம் மரபு தரும் விடை இதுவன்று. சிவபெருமான் உமையம்மைக்கு உரைக்க, அது நந்தி வழியாகச் சித்தர்களை வந்தடைந்தது. பொதிகை மலையில் அமர்ந்த அகத்தியர் அதைத் தமிழுக்குத் தந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பிறர் பக்தியுடன் போற்றும் ஒன்றை எள்ளுவது நமக்கு அழகன்று. மேலும், மண்ணிலிருந்து மருந்துகளைத் தருபவர் ஆண்டவரே, அறிவுள்ளவர் அவற்றை இகழார் என்னும் கருத்தைச் சீராக்கின் ஞான நூலின் 38ஆம் அதிகாரத்தில் நாமும் வாசிக்கிறோம். ஆயினும், இறைவன் மண்ணில் மருந்தை வைத்தார் என்பது ஒன்று. எந்த நோய்க்கு எந்த இலை என்று எழுதியும் கொடுத்தார் என்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் ஒரு காலத்தில் உணரவில்லை. அதற்கான விலையை வேறொருவர் செலுத்தினார்.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் பணியாற்றினோம். கட்டட வேலைக்குச் சென்றுவந்த இளைஞர் ஒருவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போவதா, கீழாநெல்லி கொடுப்பதா என்று அவருடைய தாய் நம்மிடம் வந்து கேட்டார். மருத்துவமனைக்குப் போனால் இருவருக்கும் கூலி போகும். மக்கள் மரபு, பண்பாட்டுமயமாக்கல் என்னும் சொற்களைக் குருமடத்திலிருந்து மிகுந்த உற்சாகத்தோடு நாம் சுமந்து வந்திருந்த காலம் அது. "சித்தர்கள் கண்ட மருந்து அம்மா, பொய்க்காது. மோரில் அரைத்துக் கொடுங்கள்" என்று கூறி, மகனுக்காகச் செபித்தும் அனுப்பினோம். பதினைந்து நாள் கழித்து, வலியில் துடித்த அவரைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பித்தக் குழாயைக் கல் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது. அறுவை மருத்துவத்தால் பிழைத்தார். ஆனால் பல மாதம் வேலைக்குப் போக இயலவில்லை. வீட்டிலிருந்த ஒரே பசுவும் விலைபோயிற்று. அந்தத் தாய் நம்மைக் குறை கூறவேயில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் சாமி நம்பினேன்" என்று மட்டும் சொன்னார். அதையும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வது போலவே சொன்னார்.

நம் பிழை கீழாநெல்லியை மதித்ததில் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி நாம் கொண்டிருந்த எண்ணத்தில் இருந்தது. வானிலிருந்து இறங்கிய மருந்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் யாரோ தின்று பார்த்துக் கண்ட மருந்தென்றால், அவர் எதைக் கண்டார், எதைக் காணாமல் விட்டார் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்விலும் கஞ்சியிலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அந்நாள்களில் எந்தத் தழையை உண்டாலும் புகழ் தழைக்கே சேரும். கல் அடைத்த காமாலை அப்படித் தணியாது. முன்னோர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சென்னையிலேயே இக்கேள்வி கேட்கப்பட்டதுண்டு. ஈரல் அழற்சி 'பி' கிருமியைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞரும் நம் ஊர் ஆய்வாளர்களும் இணைந்து, அக்கிருமியைச் சுமப்போர்க்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தனர். 1988இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. நாடெங்கும் மகிழ்ச்சி. ஆனால் பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. முதல் செய்தியை மேடைகளில் இன்றும் கேட்கிறோம். இரண்டாவதை எவரும் சொல்லக் கேட்டதில்லை.

சித்த மரபு இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்கு அஞ்சியதா என்றால், இல்லை. பரங்கிமலைக்கு அருகில் வாழும் நாம் பரங்கிப்பட்டை என்னும் பெயரை எண்ணிப் பார்க்கலாம். பட்டை என்பது வழக்கே தவிர அது சீனத்துக் கிழங்கு. 1498இல் கடல்வழி வந்த போர்த்துக்கீசியரைத் தொடர்ந்து மேகப்புண் நோய் இந்நாட்டில் பரவியது. மக்கள் அதைப் பரங்கிப்புண் என்றனர். வடமொழி மருத்துவர் பிரங்க ரோகம் என்றனர். நோய்க்குப் பெயர் தந்தவர்களே அதற்குரிய கிழங்கின் வணிகத்தையும் பரப்பினர். நம் வைத்தியர்கள் அகத்தியர் சொன்னாரா என்று காத்திராமல் அதை எடுத்துக்கொண்டார்கள்; பரங்கிப்பட்டைச் சூரணம் இன்றும் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இக்கிழங்கைப் பற்றி, 1563இல் கோவாவில் அச்சான தம் மூலிகை நூலில் கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கீசிய மருத்துவர் விரிவாக எழுதினார். இந்நாட்டு வைத்தியர்களிடம் கேட்டுக் கற்றவர் அவர். மறைவாக யூத நெறியைப் பின்பற்றினார் என்று குற்றம் சாட்டி, அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1580இல், கோவாவின் மறை விசாரணை மன்றம் அவருடைய எலும்புகளைத் தோண்டி எரித்தது. கத்தோலிக்க இதழில் அவர் பெயரை எழுதும்போது இதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

இனி பொதிகைக்கு வருவோம். அகத்தியர் மலை என்று நாம் போற்றும் அம்மலைத் தொடரில் நெடுங்காலமாக வாழ்பவர் காணி மக்கள். 1987இல் அறிவியலார் குழு ஒன்று அங்கே மலையேறியது. வழிகாட்டிச் சென்ற காணிகள், சிறு கனிகளைத் தின்றபடியே களைப்பின்றி நடந்ததைக் கண்டு வியந்து, அது என்ன செடி என்று வினவினர். அவர்கள் எளிதில் சொல்லவில்லை. இறுதியில் ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து கேரளத்தின் பாலோடு தாவரவியல் ஆய்வுத் தோட்டத்தில் 'ஜீவனி' என்னும் மருந்து உருவாகி, 1995இல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை அமைந்தது. குறைகள் பல. காணிகளுள்ளேயே இதை ஏற்காதோர் இருந்தனர். செடியைச் சேகரிப்பதில் வனத்துறையோடு சிக்கல் எழுந்தது. இருப்பினும், செடியைக் காட்டியவருக்கும் பங்குண்டு என்று ஒருமுறையேனும் ஒப்புக்கொள்ளப்பட்டது. முனிவர் பெயரால் வழங்கும் அம்மலையில் மனிதர் இருக்கிறார்கள் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனவே, முதலில் கண்டவர் யார் என்பது புலவர்களின் பொழுதுபோக்குக் கேள்வியன்று. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம், மரபறிவைக் காத்தவரோடு பயனைப் பகிர வேண்டும் என்றது. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, நூலேறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அக்கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஏட்டில் இருப்பது எல்லோருக்கும் பொது என்பது வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் ஏட்டில் எழுதியவர் யாரிடம் கேட்டு எழுதினார்? எழுத்தறியாத ஆயாக்களிடமும், ஆடு மேய்த்தவரிடமும், மலைவாழ் மக்களிடமும் கேட்டவை அல்லவா அங்கே பாட்டாகி, அகத்தியர் பெயர் பெற்று, இன்று உரிமையாளர் அற்ற சொத்தாகியிருக்கின்றன? கூலி கொடாமல் வாங்கிய உழைப்பு பழையதாகிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? எவ்வாறு தீர்ப்பது என்பதற்கு நம்மிடம் எளிய விடை இல்லை. பெயர் தெரியாதவருக்கு எப்படிக் கொடுப்பது? இன்னும் உயிரோடிருந்து சொல்லித் தருகிறவர்களிடமிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த மூதாட்டியிடம் அன்று இவ்வளவும் பேசவில்லை. பழைய நினைவு நெஞ்சில் உறுத்த, "தழை கொடுப்பது இருக்கட்டும் அம்மா, முதலில் பையனுக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னோம்.

முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டே அவர் சிரித்தார். "அதை நேத்தே எடுத்தாச்சு ஃபாதர். சாயங்காலம் ரிசல்ட்டு."